கொல்லாமையும் கைவிடாமையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விடியற்காலையில் ஆலயக் கதவைத் திறக்கும் குருக்களுக்கும் முற்றம் கூட்டும் அம்மையாருக்கும் பழகிப்போன காட்சி ஒன்றுண்டு. வாயிற்படியருகே ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். அதனுள் கண் திறவாத நான்கைந்து நாய்க்குட்டிகளோ பூனைக்குட்டிகளோ கிடக்கும். இரவோடிரவாக யாரோ வைத்துவிட்டுப் போயிருப்பார். வைத்தவர் கொடியவர் அல்லர். கொன்றால் பாவம் என்று அஞ்சுபவர். வீட்டில் வளர்க்க வழியில்லாதவர். “கோயிலில் விட்டால் சாமி பார்த்துக்கொள்ளும்” என்று நம்பியவர். வெள்ளிக்கிழமை பூசைக்கு அவரே வந்து அர்ச்சனைத் தட்டுடன் நிற்கவும் கூடும்.

ஆனால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று விடப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை தாய்ப்பால் இல்லாமல் இரண்டு மூன்று நாள்களில் இறந்துபோகின்றன. எறும்பு மொய்த்தும், மழையில் விறைத்தும், சாலையில் நசுங்கியும் சாகின்றன. பெட்டியை வைத்தவர் அந்தச் சாவைக் காண்பதில்லை. அதனால் அவர் மனம் அமைதியாக இருக்கிறது. கொல்லாமை என்னும் அறம் இங்கே காப்பாற்றப்பட்டதா, மீறப்பட்டதா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வாழ்ந்தவர்களுக்கு விலங்குகள் புறத்தே இருந்த பொருள்கள் அல்ல. லயத்து வீட்டின் பின்புறம் மாட்டுக் கொட்டகை. அதன் பக்கத்தில் ஆட்டுப் பட்டி. வாசலில் ஒரு நாய். விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போன பெண்ணுக்கு முன்னே அந்த நாய் நடந்தது. பாம்பையும் காட்டுப்பன்றியையும் அதுதான் முதலில் அறிவித்தது. அதற்கு உரிமப் பட்டை கிடையாது, தடுப்பூசி கிடையாது, மருத்துவர் கிடையாது. மிச்சச் சோறும் கருவாட்டுத் தலையும்தான் உணவு. ஆயினும் அது “இன்னார் வீட்டு நாய்” என்று தோட்டம் முழுவதும் அறியப்பட்டிருந்தது. ஓர் உயிருக்கு உடையவர் ஒருவர் உண்டு என்பது சிறிய செய்தி அன்று.

அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழ்வதும் பொருந்தாது. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கால் அறுபட்ட நாய்கள் இருந்தன. களைக்கொல்லியாக ரப்பர்த் தோட்டங்களில் அடிக்கப்பட்ட சோடியம் ஆர்சனைட் நஞ்சு படிந்த புல்லை மேய்ந்து மாடுகள் மாண்டன. தீபாவளியின்போது நாயின் வாலில் பட்டாசு கட்டி மகிழ்ந்த சிறுவர்களும் இருந்தார்கள்; அவர்களை அதட்டிய பெரியவர்களும் இருந்தார்கள், கூடவே நின்று சிரித்த பெரியவர்களும் இருந்தார்கள்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லாபு, நீலாய், செண்டாயான் வட்டாரங்களில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. அடுக்குமாடியில் மாட்டுக்கு இடமில்லை. நாய் வளர்க்க ஊராட்சி மன்றங்கள் பொதுவாக உரிமம் தருவதில்லை. மாட்டை விற்றார்கள். நாயை வாங்குவார் இல்லை. லாரியில் சாமான்கள் ஏறின, குடும்பம் ஏறியது, நாய் லாரியின் பின்னே சிறிது தூரம் ஓடி நின்றது. கூரை பிரிக்கப்பட்ட லயத்தின் வாசலில் அது பல நாள்கள் படுத்திருந்தது. இதைச் செய்த குடும்பத்தாரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. அவர்களே தங்கள் வேரிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்கள் என்பதையும் எண்ண வேண்டும். ஆனாலும் அந்த நாய்க்கு அந்த விளக்கம் தெரியாது.

மகாபாரதத்தின் இறுதிப் பகுதியில் தருமர் இமயம் நோக்கி நடக்கிறார். மனைவியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தபின் உடன் வருவது ஒரு நாய் மட்டுமே. இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறுக என்கிறான். தம்மை நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் மறுக்கிறார். இக்கதையில் நாயைக் கொல்லும்படி இந்திரன் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விட்டுவிடும்படிதான் கேட்டான். கைவிடுதலையே தருமர் பெரும்பாவமாகக் கண்டார். பைரவரின் அருகில் நாயைக் கண்டு வணங்குகிற மக்கள், இறைவனைப் பதி என்றும் உயிரைப் பசு என்றும் பெயரிட்டழைத்த சைவ மரபினர், இந்த நுட்பத்தை மறந்துவிடலாகாது.

இனி, கொல்லுதல் பற்றிப் பேசுவோம். நெகிரி செம்பிலான் மக்கள் இக்கேள்வியை நூலில் மட்டும் படித்தவர்கள் அல்லர்; கண்முன் கண்டவர்கள். 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் ஒருவகை மூளைக்காய்ச்சல் தோன்றியது. பன்றிகள் இடம் மாறி விற்கப்பட்டபோது நோயும் உடன் பயணம் செய்து சிக்காமாட்டையும், போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த புக்கிட் பிலாண்டோக், சுங்கை நிப்பா கிராமங்களையும் அடைந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களும் மாண்டார்கள். கொசு குழந்தைகளையும் கடிக்கும்; இந்நோயோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களையே தேடிப் பிடித்தது. 1999 மார்ச்சு மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் இது முன்பு அறியப்படாத கிருமி என்று கண்டறிந்தார். அக்கிருமி சுங்கை நிப்பாவின் பெயரையே பெற்று இன்று உலகெங்கும் நிப்பா என்று வழங்குகிறது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் அது தாவியது. மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரின் உயிரைக் கொண்டுபோனது. மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் கூலி வேலை செய்த இந்தியர்களும் அவர்களில் இருந்தார்கள்.

1999 பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரை, இரண்டே மாதங்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. இராணுவ வீரர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பெருங்குழிகள் தோண்டப்பட்டன. சுடப்பட்டவையும் உண்டு, அடிபட்டுக் குழியில் தள்ளப்பட்டவையும் உயிர் முழுதும் போகுமுன் மண் மூடப்பட்டவையும் உண்டு என்று அக்காலத்துச் செய்திகள் கூறின. மக்கள் வெளியேறிய கிராமங்களில் நாய்களும் பூனைகளும் கேட்பாரற்றுத் திரிந்தன. அவற்றிலும் நோயின் தடம் காணப்பட்டது. புக்கிட் பிலாண்டோக்கில் அதன்பின் பன்றி வளர்ப்பு இல்லை. அந்தப் பெருங்கொலை தேவையா என்று கேட்டால், தேவை என்றே சொல்ல வேண்டும். அது நிகழாதிருந்தால் 105 என்னும் எண் எவ்வளவு ஏறியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அது நிகழ்ந்த முறையும் தேவையா என்று கேட்டால், அதற்கு ஆம் என்று சொல்ல நா எழவில்லை. துப்பாக்கி பிடித்த இளம் வீரர்களும் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். அவர்கள் மனமும் புண்பட்டிருக்கும்.

இதே கேள்வியைச் சந்தித்துப் பெரும் ஏச்சுக்கு ஆளான ஒருவர் உண்டு. அகிம்சைக்கே மறுபெயராக விளங்கிய காந்தியடிகள்தாம் அவர்.

1926ஆம் ஆண்டு அகமதாபாத் நகரத்து ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய், தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது தெருநாய்களைப் பிடித்துக் கொல்ல ஏற்பாடு செய்தார். சமணமும் வைணவமும் வேரூன்றிய நகரம் அது. ஊர் கொதித்தது. அவரும் மனம் கலங்கிக் காந்தியடிகளிடம் வந்தார். வேறு என்ன செய்ய முடியும் என்று காந்தியடிகள் கூறிவிட்டார். அச்சொல் வெளியே பரவியதும் அவருக்குக் கடிதங்கள் மழையாகப் பொழிந்தன. கோபமும் வசையும் நிரம்பிய கடிதங்கள். அவர் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. ‘யங் இந்தியா’ ஏட்டில் தொடர்ந்து பல கட்டுரைகள் எழுதினார். அகமதாபாத் மருத்துவமனையில் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற வந்தோர் 1925இல் 1,117 பேர் என்றும், 1926இல் செப்டம்பர் வரை 990 பேர் என்றும் கணக்கெடுத்து வெளியிட்டார்.

அவர் வாதத்தின் உயிர்நிலை நாயைக் கொல்வதில் இல்லை. நாயைத் தெருவில் விட்டவர்களிடம் இருந்தது. உடையவர் இல்லாத நாய் ஊரில் திரிவது அவ்வூரின் இரக்கத்துக்கு அடையாளமன்று. சோம்பலுக்கும் அறியாமைக்குமே அடையாளம் என்று அவர் கருதினார். தெருநாய்க்கு ஒரு பிடி சோற்றை வீசிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டோம் என்று எண்ணுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்றார். நாயை நேசிப்பவர் அதைத் தம் வீட்டில் வைத்துக் காக்கட்டும், அல்லது காப்பகம் அமைத்துப் பொருள் தரட்டும் என்றார். கொல்வது பாவம் அன்று என்று அவர் எங்கும் சொல்லவில்லை. கொல்வதும் பாவமே, கொல்லாதுவிட்டு மனிதரும் விலங்கும் துன்புறப் பார்த்திருப்பது அதனினும் பெரிய பாவமாகிவிடும் நேரமுண்டு என்பதே அவர் நிலை. இதைக் கேட்டு நிம்மதி அடைவோர் அவரைச் சரியாகக் கேட்டவர்கள் அல்லர்.

ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். வெறிநோய்க்குத் தடுப்பூசியை நாய்களுக்கே பெருமளவில் போட்டு நோயை ஒழிக்கலாம் என்னும் நிலை 1926இல் இல்லை. இன்று ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப் பரவல் அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மலேசியாவில் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் 50க்கும் மேற்பட்ட உயிர்களை அது பறித்துள்ளது. ஆகவே நாய்க்கடி அச்சம் வெறும் கற்பனையன்று. ஆனால் காந்தியடிகளுக்கு இல்லாத கருவி ஒன்று இக்காலத்தவர் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் அவரை மேற்கோள் காட்டித் துப்பாக்கியை எடுப்பது முறையாகாது. 2024 அக்டோபரில் திரங்கானு மாநிலம் பெசுட்டில் ‘கோப்பி’ என்று ஊரார் அழைத்த நாய் ஒன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடெங்கும் எழுந்த வேதனைக் குரலுக்கும் இதுவே காரணம். அது ஒரு பூனையோடு நட்பாகத் திரிந்த சாதுவான நாய்.

காந்தியடிகளின் இரண்டாவது சோதனை 1928இல் வந்தது. சபர்மதி ஆசிரமத்துக் கன்று ஒன்று அடிபட்டு முடமாகிக் கிடந்தது. மருந்தும் பணிவிடையும் பலன் தரவில்லை. மருத்துவர் கைவிரித்துவிட்டார். பக்கம் மாற்றிப் படுக்க வைத்தாலே அது துடித்தது. ஆசிரம நிருவாகக் குழு கூடிற்று. உயிரை ஆக்க முடியாதவனுக்கு உயிரை நீக்கும் உரிமை இல்லை என்று ஒருவர் வன்மையாக மறுத்தார். தன்னலத்துக்காகக் கொல்லும்போதுதான் அந்த வாதம் பொருந்தும் என்பது காந்தியடிகளின் விடை. இறுதியில் அவர் உடனிருக்க, மருத்துவர் ஊசி வழியாக நஞ்சு செலுத்தினார். இரண்டு நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. பசுவைத் தாயாக வணங்கும் நாட்டில், பசுக்கன்றைக் கொன்றவர் என்னும் பழி அவர்மீது விழுந்தது. தம் பிள்ளையே மீளமுடியாத அத்தகைய வேதனையில் கிடந்து, வேறு பணிவிடை எதுவும் செய்ய இயலாதெனில் அப்போதும் இதையே செய்வேன் என்று எழுதினார்.

அதே கட்டுரையின் பிற்பகுதியில் அவர் குரங்குகளைப் பற்றி எழுதியதைப் பலர் நினைவில் வைப்பதில்லை. ஆசிரமத்துப் பயிரையும் பழங்களையும் குரங்குகள் அழித்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கொல்லலாமா என்னும் எண்ணம் எழுந்தது. கன்றைக் கொன்றது கன்றுக்காக. குரங்கைக் கொன்றால் அது மனிதரின் பயிருக்காக. முன்னது அகிம்சை ஆகலாம், பின்னது இம்சையே என்று அவர் பிரித்துக் காட்டினார். நூறு ஆண்டுகள் நெருங்கியும் இதனினும் தெளிவான அளவுகோல் கிடைத்ததாகத் தெரியவில்லை. யாருக்காக இந்த ஊசி? படுத்த படுக்கையாகிவிட்ட நாய்க்காகவா, விடுமுறைக்கு ஊர் செல்ல இடையூறாகிவிட்ட நாயின் உடையவருக்காகவா?

வினைப்பயனைக் காட்டி மறுப்போரும் உண்டு. அவ்வுயிர் தன் ஊழை நுகர்ந்தே தீரவேண்டும், இடையில் புகுந்து அறுக்க நாம் யார் என்பார்கள். பக்தியோடு சொல்லப்படும் இவ்வாதத்தை இகழக்கூடாது. ஆனால் அதை முழுமையாக ஏற்றால் காய்ச்சலுக்கு மாத்திரையும் கொடுக்கலாகாது. முள் குத்திய காலில் முள்ளையும் எடுக்கலாகாது. மருந்து கொடுக்கும்போது குறுக்கே வராத வினை, வேதனையை முடிக்கும்போது மட்டும் குறுக்கே வருவதெப்படி? மறுபுறம், எந்நிலையிலும் உயிர் நீக்கம் கூடாது, இறுதி மூச்சுவரை அருகிருந்து பணிவிடை செய்வேன் என்று ஒருவர் உறுதி பூண்டு, அதன்படியே புண்ணைக் கழுவி, வலிக்கு மருந்தூட்டி, இரவெல்லாம் விழித்திருப்பாரானால் அவரும் வணங்கத்தக்கவரே. வடலூர் வள்ளலார் வகுத்த சீவகாருண்ய ஒழுக்கத்தில் நிற்போர் அவ்வாறே செய்வர். கொல்லவும் மாட்டேன், காக்கவும் மாட்டேன், கண்ணுக்கு மறைவாகப் போய்ச் சாகட்டும் என்பதற்குத்தான் எந்தச் சமயத்திலும் இடமில்லை.

அம்மூன்றாம் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சிலாங்கூர்க் கடற்கரையில் 2009ஆம் ஆண்டு கண்டோம். கிள்ளான் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள பூலாவ் கெத்தாம் தீவில் நாய்கள் பெருகிவிட்டன. மக்கள் தொல்லை தாங்காமல் முந்நூறு வரை பிடித்தார்கள். கொல்வதைவிட இது இரக்கமானது என்று எண்ணி, அருகே ஆளில்லாத இரு சதுப்புநிலத் தீவுகளில் படகில் கொண்டுபோய் விட்டார்கள். நன்னீர் இல்லை, உணவில்லை. சில நாள்களில் உயிரோடிருந்தவை இறந்தவற்றைத் தின்னத் தொடங்கின. சில கடலில் நீந்தித் திரும்ப முயன்றன. விலங்கு நல அமைப்பினர் படகில் உணவும் நீரும் கொண்டுசென்று, எஞ்சியவற்றை மீட்கப் பாடுபட்டனர். அத்தீவு மக்களும் பாவத்துக்கு அஞ்சியவர்களே. ஆலய வாயிலில் வைக்கப்படும் அட்டைப்பெட்டி அத்தீவின் சிறு வடிவம்.

கருணைக்கொலை என்பது எது, எது அன்று என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டியுள்ளது. நஞ்சு கலந்த இறைச்சியை வைப்பது கருணைக்கொலை அன்று. சாக்கில் கட்டி ஆற்றில் எறிவதும், உணவை நிறுத்துவதும், செம்பனைக் காட்டில் இறக்கிவிட்டு வருவதும் கருணைக்கொலை அல்ல. கால்நடை மருத்துவர் முதலில் மயக்க மருந்து கொடுத்துப் பிராணியை அமைதிப்படுத்துவார். பின் பெண்டோபார்பிட்டோன் என்னும் மருந்தை இரத்தக் குழாயில் மிகுந்த அளவில் செலுத்துவார். நினைவு முதலில் நீங்கும். பிறகு மூச்சும் இதயமும் சில நிமிடங்களில் நிற்கும். கண் திறந்தபடியே இருக்கும். இறுதியில் உடல் ஒருமுறை சிலிர்க்கவும் கூடும். அது வலியன்று. அவ்வேளையில் உடையவர் அருகே நின்று தலையைத் தடவிக்கொடுத்தால் பிராணி அஞ்சாமல் போகும். பலர் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்கிறார்கள். காந்தியடிகள் வெளியே போகவில்லை.

அந்த முடிவுக்கு வருமுன் கேட்கவேண்டியவை உண்டு. தானே எழுந்து நிற்கிறதா, உண்கிறதா, நீர் குடிக்கிறதா, படுத்த இடத்திலேயே கழிந்து கிடக்கிறதா, உடையவரைக் கண்டால் வாலாவது அசைகிறதா, நல்ல நாள்களைவிடக் கெட்ட நாள்கள் மிகுந்துவிட்டனவா என்று பார்ப்பது மருத்துவர்கள் சொல்லும் வழி. இதில் தோட்டப்புற மக்கள் அடிக்கடி தவறுவது ஒன்றுண்டு. தீராத நோய் என்று கருதிக் கைவிடப்படுபவற்றுள் பல தீரக்கூடியவை. உடம்பெல்லாம் முடி உதிர்ந்த சொறிநாயைக் கண்டு முகம் சுளிக்கிறோம். ஐவர்மெக்டின் போன்ற மருந்தால் சில வாரங்களில் அதற்குப் புது முடி முளைக்கும். புழு வைத்த புண் பார்க்கக் கொடுமையானது. கழுவி மருந்திட்டால் ஆறிவிடும். நாய்களின் பிறப்புறுப்பில் இரத்தம் கசியத் தோன்றும் கட்டிகூட வின்கிறிஸ்டின் ஊசியை வாரமொருமுறை சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். இவற்றுக்குக் கருணைக்கொலை கேட்பது கருணையும் அன்று. அன்பின் மிகுதியால் பூனைக்குப் பனடோல் கொடுப்போரும் உண்டு. அரை மாத்திரையும் பூனைக்கு எமனாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் கொடுமை செய்தவருக்கு அதிகத் தண்டம் 200 வெள்ளிதான், சிறைத்தண்டனைக்கும் இடமிருந்தது. அறுபது ஆண்டுகள் அத்தொகை அசையவில்லை. 2013இல் அது 50,000 வெள்ளியாக உயர்ந்தது. அதன்பின் வந்த 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 சூலை முதல் நடப்பில் உள்ளது. அதன்படி 20,000 முதல் 1,00,000 வெள்ளி வரை தண்டம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2018இல் கோம்பாக்கில் கருவுற்ற பூனையைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் இட்டுக் கொன்ற வழக்கில் ஒருவருக்கு 2019இல் 34 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அடித்தவனை மட்டும் இச்சட்டம் பார்க்கவில்லை. தக்க இருப்பிடம், உணவு, இயல்பாக நடமாட வாய்ப்பு, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பு ஆகியவற்றை அளிக்கும் கடமையை உடையவர்மேல் அது சுமத்துகிறது. இரண்டடிச் சங்கிலியில் ஆயுள் முழுவதும் கட்டிவைக்கப்பட்ட காவல் நாய் எத்தனை வீடுகளில் உண்டு என்று எண்ணிப் பார்த்தால், குற்றவாளிகள் தொலைதூரத்தில் இல்லை என்பது புலப்படும்.

முனியாண்டிக்குக் கிடா வெட்டுவது பற்றி இங்கே கேள்வி எழலாம். மலேசிய இந்து சங்கம் உயிர்ப்பலியை ஏற்பதில்லை என்பது அனைவரும் அறிந்ததே. அது தனிப் பேச்சுக்குரிய பொருள். இன்றைய பொழுது அதற்குப் போதாது.

இவ்வளவு கொலைக்கும் கைவிடலுக்கும் ஊற்றுக்கண் ஒன்றே. ஒரு பெண் நாய் கருவுற்று ஏறத்தாழ 63 நாள்களில் ஈனும். ஆண்டுக்கு இருமுறை ஈனலாம். அந்தக் குட்டிகள்தாம் அட்டைப்பெட்டியில் வருகின்றன. அவற்றைப் பிறவாமல் தடுப்பது பாவம் என்று எண்ணுவோர், பிறந்தபின் அவை சாகும் விதத்தைப் பார்த்ததில்லை. சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தது, நாய்கள் குறைந்தபாடில்லை. கேப்டன் வி. சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பு, கருத்தடை செய்து தடுப்பூசியிட்டு விடுங்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வற்புறுத்திவந்தது. 1996இல்தான் மாநகராட்சி இசைந்தது. வெறிநோய் மரணங்கள் அந்நகரில் பெரிதும் குறைந்தன. தெருநாய்த் தொல்லை அங்கே முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கொல்லும் வண்டி நின்றது.

இந்த ஆலய வட்டாரத்தில் எத்தனை நாய்கள் உலவுகின்றன என்பதை யாரும் எண்ணியதில்லை. அன்னதானத்தன்று இலையை எதிர்பார்த்துப் பின்கட்டில் நிற்பவை அவை. அவற்றுள் பெண் நாய்கள் எத்தனை என்று இளைஞர் பிரிவினர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிவிடலாம். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் தகவல் அறிய மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகம் இருக்கிறது. அலுவலக நேரத்தில் சென்றால் விவரம் தருவார்கள். திருவிழாச் செலவுக் கணக்கில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையின் ஒரு பகுதி அதற்குப் போதுமா என்பதை நிருவாகத்தினர் ஆராயலாம். வாணவெடிச் சத்தத்தில் அந்த நாய்கள் எங்கே ஓடி ஒளிகின்றன என்பதையும் அன்றிரவு யாரேனும் பார்த்தால் நன்று.